கொலுவுக்கு வந்த பாட்டு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு நவராத்திரி. திருவனந்தபுரத்தில் கரமனை அக்கிரஹாரத்துக்கு நான் மருமகளாக வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது இருபது வயது. புத்தி அதைவிடக் கம்மி.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வாழ வந்தாள். என் வயதுதான். என்னைப் போலவே பாட்டுப் பைத்தியம். ஒரே வித்தியாசம், அவளுக்குக் குரல் இருந்தது, எனக்குக் கிராமபோன் இருந்தது. என் கணவர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. காப்பி வாங்குவதற்கு யோசிப்பார், பாட்டுப் பிளேட் வாங்க யோசிக்க மாட்டார்.

நாங்கள் இருவரும் சந்திப்பது ஆற்றங்கரைப் படித்துறையில், துணி துவைக்கிற சாக்கில். அங்கே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஆளுக்கு ஒரு பாட்டு. அப்பாவிடம் கற்றதை அவள் எனக்குத் தருவாள். பிளேட்டில் கேட்டதை நான் அவளுக்குத் தருவேன். ஆனால் பாடினவர் பெயரை நான் சொல்லக் கூடாது, அவளே கண்டுபிடிக்க வேண்டும். என் தொண்டையில் எந்த வித்வான் வந்து உட்கார்ந்தாலும் ஒரே மாதிரிதான் இருப்பார். அப்படியும், "இந்த இடத்தில இப்படி இழுக்கறவர் ஒருத்தர்தாண்டி" என்று சரியாகச் சொல்லிவிடுவாள். பிறகு சண்டை ஆரம்பமாகும். அவளுக்குப் பிடித்தவர் மூக்கால் பாடுகிறார் என்பேன் நான். என் ஆள் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார் என்பாள் அவள். துணி அது பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கும்.

நான் தட்டுத்தடுமாறிச் சொல்லிக் கொடுத்ததை மறுநாள் அவள் திருப்பிப் பாடும்போது, பிளேட்டில் இருந்ததெல்லாம் அதில் வந்துவிடும். எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாடி முடித்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னைப் பார்ப்பாள். "நன்னா இருந்துது" என்று நான் சொன்னால்தான் அடுத்த துணியை எடுப்பாள்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு பாடகியைப் பற்றித்தான் பேச்சு. பெயர் வேண்டாம். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் கச்சேரி செய்யக் கூப்பிட்டுவிட்டு, அவர் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, கொட்டகைக்குப் பின்னால் தனியாக இலை போட்டார்களாம். அவர் சாப்பிடாமல் எழுந்து, "என் குரல் உங்க கூடம் வரைக்கும் வரலாம், நான் வரக் கூடாதோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்க வருகிற நாலைந்து பேரும் இதைப் பற்றி வாதாடினார்கள். கேட்டதில் என்ன தப்பு என்றார் என் மைத்துனர். "பாடறவளுக்கு வாய் எதுக்காக்கும்?" என்றார் என் கணவர். பாடுவதற்கே வாய்தானே வேண்டும் என்று அடுக்களையில் இருந்த எனக்குத் தோன்றியது. வழக்கம்போல் சொல்லவில்லை. அன்றைக்கே அந்தப் பாடகியின் இரண்டு பிளேட்டுகளும் பரணுக்குப் போயின. இனி அவர் பாட்டு இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று உத்தரவு.

வேண்டாம் என்றால்தானே எனக்கு வேண்டியிருக்கும்! கணவர் ஆபீசுக்கும் மாமியார் கோயிலுக்கும் போன நேரமாகப் பார்த்துப் பரணில் ஏறுவேன். கிராமபோன் குழாயில் பழைய புடவையைத் திணித்துச் சத்தத்தை அடக்கி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பேன். அதில் அம்பாள் மேல் ஒரு பாட்டு. சரணத்தின் முடிவில் அந்தப் பாடகி உச்சத்திலிருந்து ஒரே மூச்சில் இறங்குவார். வேறு யாரும் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அந்தப் பாட்டைத்தான் என் சிநேகிதிக்குச் சொல்லிக் கொடுத்தேன். யார் பாடினது என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. தோற்றுவிட்டாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கொலு முடிந்ததும் சொல்கிறேன் என்று வீம்பு பிடித்தேன்.

நவராத்திரி ஐந்தாம் நாள். ஆண்கள் கோட்டைக்குள் அரண்மனை மண்டபத்தில் கச்சேரி கேட்கப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கொலுவுக்கு அவளும் அவள் மாமியாரும் வந்தார்கள். பக்கத்து அக்கிரஹாரமான வலியசாலையிலிருந்து என் மாமியாருக்குத் தூரத்து உறவான ஒரு மாமியும் வந்திருந்தாள். கொலுவுக்கு வந்த பெண்களைப் பாடச் சொல்லாமல் அனுப்புகிற வழக்கம் கிடையாது. என் மாமியார் அவளைப் பாடச் சொன்னார்.

அவள் அந்தப் பாட்டை எடுத்தாள். நான் சட்டென்று என் மாமியார் முகத்தைப் பார்த்தேன். ஆனாலும் சொல்கிறேன், நான் அதுவரை அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை. சரணத்தில் அந்த இடம் வந்தது. இறங்கினாள்.

"இது அவ பாட்டுன்னா! நம்ம கொலுவிலயா?" என்றாள் வலியசாலை மாமி.

என் சிநேகிதியின் மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கேந்தாக்கும் படிச்சே? பறயடி, சொல்லு!"

அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். காப்பாற்றச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றால் பரண் விஷயம் வெளியே வரும். அன்றோடு கிராமபோனும் போய்விடும், படித்துறையும் போய்விடும். நான் குனிந்து இலைத்துண்டில் சுண்டலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆத்தங்கரையில யாரோ பாடிண்டு போனா, கேட்டேன்" என்றாள் அவள்.

"எழுந்திருடி" என்று மாமியார் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம்கூட வாங்கிக்கொள்ளவில்லை. கட்டின சுண்டல் பொட்டலம் என் கையிலேயே இருந்தது.

அதன் பிறகு அவளை ஆற்றுக்கு அனுப்பவில்லை. துணியெல்லாம் கிணற்றடியில். பாட்டுச் சத்தமும் அந்த வீட்டிலிருந்து வரவில்லை. அவள் அப்போது கர்ப்பமாக இருந்தாள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தை மாதம் பிரசவத்துக்காகப் பிறந்தகம் கிளம்பினாள். வாசலில் வண்டி நின்றது. வீட்டார் சாமான் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து ஓடினேன். "அது யார் பாட்டுன்னு உங்கிட்ட மறைச்சுட்டேன்டி" என்றேன்.

அவள் சிரித்தாள். "மறைச்சியா? மொத நாளே கண்டுபிடிச்சுட்டேன். பாடினவாளை உள்ளே விடமாட்டேங்கறா, பாட்டாவது கூடத்துக்கு வரட்டுமேன்னுதான் பாடினேன்."

"அப்போ என்னை எதுக்குடி பார்த்தே?" என்றேன்.

"நீ மாட்டிக்கணும்னு நான் பாக்கலைடி. நன்னா இருந்துதான்னுதான் பார்த்தேன். அதையாவது நீ சொல்லியிருக்கலாம்."

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மாமியார் பெட்டியோடு வெளியே வந்தார். எனக்கு அப்போதும் பயம்தான் முன்னால் வந்தது. நகர்ந்துவிட்டேன். குழந்தையோடு திரும்பி வரும்போது ஆயிரம் தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பங்குனியில் ஓரத்தில் கறுப்பு மை தடவின கார்டு வந்தது. குழந்தை பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். அவள் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு, "எத்தரை நன்னா பாடுவா என் பொண்ணு" என்று கதறினார். எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வரவில்லை. அந்த வார்த்தையை அவர்கூடச் சொல்லிவிட்டார், நான்தான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் பரண், பிளேட், படித்துறை எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நான் பயந்த மாதிரி அவர் கிராமபோனை உடைக்கவில்லை. அவரே பரணில் ஏறி அந்த இரண்டு பிளேட்டுகளையும் கீழே எடுத்து வைத்தார். இவருக்குப் பயந்தா அன்றைக்குக் குனிந்து சுண்டல் கட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. யார் பாடினாலும், அபஸ்வரமாகவே பாடினாலும், முடித்த அடுத்த நொடி "நன்னா இருந்துது" என்று உரக்கச் சொல்லிவிடுவேன். இவளுக்கு ஞானம் போதாது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், தலையைச் சாய்த்து அவள் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வைக்குத்தான் நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.