மாட்டு டாக்டரும் இரட்டைக் கண் கேமராவும்

கேமரா வைத்திருப்பது ஒரு தொல்லை என்றால், அதைப் பிரித்துப் பூட்டத் தெரியும் என்று நினைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தொல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாமானை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி முடித்ததும் ஒரு ஸ்க்ரூ மிச்சமிருப்பதைப் பார்த்து, அதை மனைவிக்குத் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

எழுபதுகளின் கடைசியில் என்னை ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள். உத்தியோகம் கால்நடை ஆய்வாளர்; மலைக்காரர்கள் வாயில் மாட்டு டாக்டர். ஆஸ்பத்திரி என்பது ஓடு போட்ட ஓர் அறையும் தீவன மூட்டை போட ஒரு சின்ன அறையும். ஒட்டினாற்போல் எங்கள் வீடு. என்னோடு மலையேறியவை இரண்டு: என் மனைவி சரோஜா, மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுக்கிற ஒரு பழைய இரட்டைக் கண் கேமரா. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறேனே என்று சரோஜா இப்போதும் கோபித்துக்கொள்வாள். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் கேமரா கிடையாது. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

உள்ளே என்ன வேலை?

பிலிமைக் கழுவக் கொடுக்க வேண்டுமென்றால் மலையைவிட்டுக் கீழே இறங்க வேண்டும். பஸ் வந்தால் உண்டு. அதனால் நானே கழுவுவது என்று முடிவு செய்தேன். தீவன அறையின் ஜன்னலைக் கோணி வைத்து அடைத்தேன். எங்கள் பக்கம் அப்போது கரண்ட் வரவில்லை, ஆகவே டார்ச் லைட்டுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றினேன். மருந்து அளக்க மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சு. கழுவுவதற்குச் சரோஜாவின் பீங்கான் தட்டுகள். அவை மறுபடி சமையலறைக்குத் திரும்பவே இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி உதவியாளர் சடையப்பன் அந்த மலையிலேயே பிறந்தவர். ஒருநாள் எட்டிப் பார்த்தவர், வெள்ளைக் காகிதத்தில் ஒரு முகம் மெதுவாக எழும்பி வருவதைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஒருவர் கழிச்சல் கண்ட ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, டாக்டர் எங்கே என்று கேட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குச் சடையப்பன் சொன்ன பதில் தெளிவாகக் கேட்டது:

"ஒண்ணுமில்ல, குந்து. உள்ள தண்ணியில ஆளு தேடிக்னு கீறாரு. கெடச்சதும் வந்துருவாரு."

முகம் தெளிவு

மலை ஈரத்தில் கேமராவுக்குள் இருந்த கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிட்டது. பிரித்தேன், துடைத்தேன், பூட்டினேன். நாம் குனிந்து பார்க்கிற காட்சியைக் காட்டுவது அந்தக் கண்ணாடிதான். அதை ஒரு நூல் சாய்வாகப் பொருத்திவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஒன்று, பிலிமில் விழுந்தது அதற்கு ஒரு முழம் கீழே.

அந்தச் சமயம் பார்த்து பேங்க்கில் கறவை மாட்டுக் கடன் கொடுத்தார்கள். மாட்டோடு ஆளும் நிற்கிற படம் வேண்டும் என்றார்கள். வேஷ்டி துவைத்துக் கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, ஊரே வரிசையில் நின்றது. நானும் ஒவ்வொருவரையும் "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி எடுத்தேன். கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்ததை பேங்க் அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

"மாட்டுக்கெல்லாம் முகம் ரொம்பத் தெளிவா இருக்கு சார். மனுஷங்க எல்லாம் கழுத்தோட நிக்கிறாங்க. கடனை யார் பேர்ல எழுதட்டும்?"

சினைதான்

கெட்டுப்போன டிரான்சிஸ்டர்கள் இரண்டிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி, டார்ச் பேட்டரி போட்டு, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே பேசுகிற கருவி ஒன்று செய்தேன். சாப்பிடக் கூப்பிட ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வந்து கத்த வேண்டியிருக்கிறது என்று சரோஜா சொன்னதன் விளைவு. அவள் கேட்டது ஒரு மணி. நான் கொடுத்தது விஞ்ஞானம். ஒரு ஸ்பீக்கர் அடுப்பங்கரையில், இன்னொன்று மாட்டைக் கட்டி நிறுத்துகிற மரச்சட்டத்தின் தூணில். ஒரு வாரம் அது பேசவே இல்லை. கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நானும் மறந்துவிட்டேன்.

ஒருநாள் ஒரு பெரியவர் பசுவை ஓட்டி வந்தார். சினை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோள்வரை எண்ணெய் தடவி, கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரியவர் என் முகத்தையே பார்த்தபடி மூச்சைப் பிடித்து நிற்கிறார். அந்த மாடு கன்று போட்டால்தான் அவர் வீட்டில் பால். அந்த நேரம் தூணிலிருந்து, தெய்வ வாக்கு மாதிரி, கணீரென்று ஒரு பெண் குரல்: "இன்னும் எவ்ளோ நேரம்? சோறு ஆறிப் போவுது!"

தூணில் இருந்த ஸ்பீக்கர் பெரியவர் கண்ணில் படவில்லை. மாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"கைய எடுத்துடு டாக்டரு. சினைதான். உள்ளயிருந்து சோத்துக்குக் கூப்புடுது."

இன்னொரு தபா

துரைசாமி தன் மகள் கல்யாணத்துக்குப் படம் பிடிக்கக் கூப்பிட்டார். அவருக்கு அண்ணன் ஒருவர். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர். இடுப்பு விழுந்து போளூரில் மகன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். "அவருக்குக் காட்டணும். தாலி கட்டறது மட்டும் வுட்டுடாத" என்று துரைசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

தழைப் பந்தல், உள்ளே அரை இருட்டு. கவலை இல்லை, சாய்ந்த கண்ணாடியை நிமிர்த்தியாயிற்று, என்னிடம் ஃப்ளாஷும் இருந்தது. முந்தின நாள்தான் நானே ஈயம் பற்றவைத்துச் சரிசெய்தது. மேளம் கொட்டியது. மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார். அமுக்கினேன். ஃப்ளாஷ் எரியவில்லை. மறுபடி அமுக்கினேன். எரியவில்லை. எல்லாம் முடிந்து, அட்சதை போட்டு, எல்லோரும் நகர்ந்த பிறகு, மாப்பிள்ளையின் சித்தப்பா நிம்மதியாக ஒரு கொட்டாவி விட்டார் பாருங்கள், அப்போது தானாகவே பளீரென்று எரிந்தது. மனிதர் பின்னாலேயே சாய்ந்து பாய்மேல் உட்கார்ந்துவிட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். துரைசாமிக்கு முகம் கறுத்துப் போயிற்று. "எங்க அண்ணனுக்கு நான் இன்னாத்தக் காட்டுவேன்?" என்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃப்ளாஷோடு என்னையும் மலையிலிருந்து உருட்டிவிடலாம் போல எனக்கே இருந்தது. இன்னொரு தடவை கட்டுகிற மாதிரி நிற்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். கொட்டாவி விட்ட சித்தப்பா குறுக்கே வந்தார். "ஒரு பொண்ணுக்கு ரெண்டு தபா தாலியா? எந்த ஊரு நாயம் இது?" பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மாப்பிள்ளை முடிச்சை அவிழ்க்காமல் கையால் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்பது, மேளம் கிடையாது, அட்சதை கிடையாது என்று தீர்ப்பாயிற்று.

இந்தத் தடவை ஃப்ளாஷ் எரிந்தது. அந்தப் படம் நன்றாகவே வந்தது. போளூர்ப் பெரியவர் அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். தாலி கட்டும் படத்தில் ஏன் எல்லோரும் இப்படி வாய்விட்டுச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் கேட்டார்களாம். நான் பட்டனை அமுக்குவதற்குச் சற்று முன்னால், தலை குனிந்து நின்ற மணப்பெண் நிமிராமலேயே சொன்னது இதுதான்:

"இன்னொரு தபா கட்டட்டும், பரவால்ல. ஆனா இந்த ஆளே கட்டணும். வேற ஆள மாத்தி வுட்றாதீங்க."

பலாப்பழக் கரடி

மாணிக்கத்தின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். பழுக்கப் பழுக்கப் பழம் காணாமல் போயிற்று. கரடி என்றான் அவன் மச்சான் சின்னராசு. மனைவியின் தம்பி, அக்கா வீட்டோடு இருப்பவன். விடிகிற நேரத்தில் வருகிறது, ஆள் உயரம், நெஞ்சில் வெள்ளைப் பட்டை என்று நேரில் பார்த்தவனாக விவரித்தான். மாணிக்கத்தின் மனைவி பயந்துபோய்ப் புருஷனை மரத்துப் பக்கமே போகவிடவில்லை. கரடிக்கு ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டுக்கொண்டு மாணிக்கம் என்னிடம் வந்தான்.

எனக்கு மருந்தா தோன்றும்? படம்தான் தோன்றியது. கரடி தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்கிற ஏற்பாடு! தையல் போடுகிற நூலை மரத்தடியில் கணுக்கால் உயரத்துக்குக் குறுக்கே கட்டி, அதை ஒரு மூங்கில் பத்தையில் இழுத்து, பத்தை கேமராவின் பட்டனை அமுக்குகிற மாதிரி புதருக்குள் வைத்தேன். வீட்டுக் கோழி இரண்டு தடவை தன்னைப் படம் எடுத்துக்கொண்டது. மூன்றாவது தடவை நூல் அறுந்திருந்தது, பழமும் இல்லை. பத்திரிகைக்கு அனுப்பும்போது படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டேதான் பிலிமைக் கழுவினேன்.

தட்டில் எழும்பி வந்தது சின்னராசு. தோளில் பலாப்பழம். காலில் என்ன சிக்கியது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மாணிக்கத்திடம் காட்டத்தான் வேண்டுமா என்று சரோஜா கேட்டாள். அவனே வந்து நின்றபின் எப்படி மறைப்பது? வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். அடிதடி ஆகப்போகிறது என்று சடையப்பனைக் கண்ணால் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மாணிக்கம் படத்தைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தான்.

"கரடின்னா பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கலாம். இது அவ தம்பியாச்சே. கிழிச்சுடு டாக்டரு. கரடியாவே இருந்துட்டுப் போவட்டும்."

பொன்னியின் படம்

எண்பதுகளில் எங்கள் பக்கமும் கரண்ட் வந்தது. பால் பவுடர் டப்பாவும் ஒரு குண்டு பல்பும் ஒரு பழைய லென்சும் சேர்த்து, படத்தைப் பெரிதாகப் போடுகிற கருவி ஒன்று செய்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையிலேயே வேலை செய்தது அது ஒன்றுதான்.

அந்தக் கருவியில் முதலில் போட்டது பொன்னியின் படம். சாமை விதைத்துப் புளி உலுக்கிப் பிழைக்கிறவள், ஐம்பது வயதிருக்கும். சந்தவாசலில் கட்டிக்கொடுத்த மகள் படம் கேட்டிருந்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, மூக்குத்தியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் எவ்வளவு கெஞ்சியும் சிரிக்காமல் உட்கார்ந்தாள்.

படத்தைக் கையில் வாங்கினவள் இப்படியும் அப்படியும் திருப்பினாள். "இன்னா டாக்டரு, வந்து குந்துனது நானு. எங்க அம்மா படத்தக் குடுக்கறியே?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சரோஜா உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் பிடித்தாள். பொன்னி கண்ணாடியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பொட்டு வைக்கிற அளவு கண்ணாடியில் பாதிப் பாதியாகப் பார்த்த முகம் முழுசாக எதிரே நின்றது. கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. பென்சில் வைத்துக் கோடுகளைக் கொஞ்சம் மறைத்து வேறு படம் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. படத்தை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"பொண்ணுக்கு வேற ஒண்ணு போட்டுக் குடு. இது எனக்கு. எங்க அம்மா படம் எங்க வூட்டுல இல்ல."

இத்தனை வருஷத்தில் என் கைபட்டு நன்றாக இருக்கிறேன் என்று சாட்சி சொல்ல மாடுகள் வரும்; நான் பிரித்துப் பூட்டிய கருவிகளில் அந்தப் பால் பவுடர் டப்பாவைத் தவிர ஒன்றுகூட வராது.