மிச்ச வெயிலுக்கு ஒரு சங்கு

ஓய்வு பெற்ற பிறகு புக்கிட் காத்திலில் தாமான் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கி ஒதுங்கிவிட்டேன். ஒரு சாயங்காலம் பிலோமினா போன் செய்தாள்.

"அண்ணே, கரண்டு போச்சு. அவர் மெஷின் நின்னுருச்சு. சிலிண்டர மாட்டி விட்டிருக்கேன். கொஞ்சம் வரீங்களா?"

அவர் என்றால் அவள் கணவன் செபஸ்தியான். அலோர் காஜா பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆலையில் அவன் பாய்லர்மேன், நான் மின்சாரம் பார்க்கும் சார்ஜ்மேன். அவன் நீராவி கொடுப்பான், என் டர்பைன் அதை மின்சாரமாக்கும். எரித்ததெல்லாம் எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும்தான். ஆலை ஓடும்வரை தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கும் அந்த மின்சாரம் போகும். இலவசம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பாய்லர் வாயில் நின்று காலமெல்லாம் புகை குடித்தவன் அவன். இப்போது கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவனால் மூச்சுவிட முடியாது.

ஆலையை மூடிவிட்டார்கள். மெயின் ரோட்டிலிருந்து லயம்வரை புதுக் கம்பி இழுப்பது கட்டுபடியாகாது என்று, மேனேஜ்மென்ட் சோலாரும் பேட்டரியும் வைத்தது. அவசரத்துக்கு ஒரு டீசல் ஜென்செட்.

அவர்கள் இருக்கும் லயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தோட்ட மேனேஜர் தினேஷ் ஜென்செட்டை ஓட்டிவிட்டிருந்தார். நல்ல பையன், ஆனால் முகம் வாடிப்போயிருந்தது.

"இருட்டுனா டிரிப் ஆவுது அங்கிள். எல்லாரும் ஒண்ணா லோடு போடறாங்க. பகல்ல யூஸ் பண்ணுங்கன்னு நோட்டீஸ் ஒட்டுனேன், வாட்ஸாப்லயும் போட்டேன். யாரும் கேக்கல லா."

தினமும் ஜென்செட் ஓட்டினால் டீசல் காசை வீடுகளிடம்தான் வாங்க வேண்டும். தோட்டச் சம்பளத்தில் அது முடியாது. லோடு கூடினால் அந்த வீட்டை மட்டும் துண்டிக்கிற சின்ன பிரேக்கர் வீட்டுக்கு வீடு மாட்டலாம் என்றார். பிலோமினா ரைஸ் குக்கரைத் தட்டினாலே பிரேக்கர் விழும், கூடவே மெஷினும் நின்றுவிடும் என்றேன்.

வீட்டுக்குள் போனதும் பிலோமினா தீர்மானமாகச் சொன்னாள். "ஜொகூர்ல இருக்க மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இன்னொரு தடவ நின்னா நாங்க போயிருவோம்ண்ணே."

அவள் சமையல் பக்கம் போனதும் செபஸ்தியான் என் கையைப் பிடித்தான். "அங்க அனுப்பிராத மச்சான். பத்தாவது மாடிடா. ஜன்னலத் தொறந்தா இன்னொரு ஜன்னல்தான் தெரியும்."

எனக்கு மட்டும் அவனை அனுப்ப ஆசையா? வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரிக்க எனக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது.

சேர்த்து வைத்த கரண்டு

மறுநாள் உச்சி வெயிலில் போனேன். லயத்தில் ஒரு ஃபேன் சுற்றவில்லை. எல்லோரும் வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். பிலோமினா வீட்டில் அழுக்குத் துணி கூடை நிறைய கிடந்தது.

"வாஷிங் மெஷின் போடலயாம்மா?"

"பகல்ல போட்டா ராத்திரிக்கு மிஞ்சாதேண்ணே. லயமே கட்டுப்பாடா சேத்து வைக்கிறோம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிக்கனமான சனங்கள். வரும் வழியில் மீட்டரைப் பார்த்திருந்தேன், அன்று காலையிலேயே பேட்டரி நிரம்பிவிட்டது. அதற்கு மேல் அடித்த வெயிலெல்லாம் வீண். பகலெல்லாம் வேர்த்து, பொழுது சாய்ந்ததும் துணி, அயர்ன், சோறு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டால் எந்த பேட்டரி தாங்கும்?

"தொட்டி நிரம்புன பெறகு பைப்பத் தொறந்து வச்சா என்னாவும்?" என்று கேட்டேன்.

"வழிஞ்சி வீணாப் போவும்."

"இதுவும் அப்படித்தாம்மா."

"தொட்டி நிரம்புறது கண்ணுக்குத் தெரியுது. இது எப்ப நிரம்புதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. மூக்கில் குழாயோடு படுத்திருந்த செபஸ்தியான்தான் பதில் சொன்னான்.

"சங்கு ஊதுடா."

ஆலை நாளில் சங்கு ஊதுவது அவன் வேலை. அதைக் கேட்டுத்தான் டர்பைன் ஓடப்போகிறது என்று லயம் அயர்னை எடுக்கும். பழைய சங்கு நீராவியில் ஊதியது, இனி உதவாது. தினேஷ் மின்சாரச் சங்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். பேட்டரி நிரம்பியதும் தானே வேலை செய்யும் ரிலே சுவிட்ச் ஒன்று சோலார் இன்வெர்ட்டரில் இருந்தது. அதில் சங்கைக் கோத்தேன்.

முதல் நாள் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் சத்தம். கொஞ்ச நேரத்தில் பெண்கள் ஒட்டுமொத்தமாக வெளியே வந்து கொடியில் துணி போட்டார்கள். ஒருத்தி கைலி அடுத்தவள் கொடியில், அந்தக் கதை இந்தக் கதை, ஒரே கூச்சல். செபஸ்தியான் நாற்காலியை வாசலுக்கு இழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சுன்னு எந்திரிக்கணும்போல இருக்கு மச்சான்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மூட்டமான நாளில் சங்கு ஊதாது. அன்றைக்கு லயம் தானாகவே கையைக் கட்டிக்கொள்ளும். விடாமல் மழை பிடித்தால் ஜென்செட் ஓடும், முணுமுணுத்துக்கொண்டே டீசல் காசைப் பகிர்ந்துகொள்வார்கள். இரவுக்கு வேண்டிய கரண்டு பேட்டரியில் நின்றது. செபஸ்தியான் மெஷின் அதற்குப் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசியில் தன் வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே கண்ணை மூடினான்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விலை கட்டுபடியாக வேண்டும், கரண்டு நிற்கக் கூடாது, யாருடைய நெஞ்சும் புகையில் கருகக் கூடாது. இந்த மூன்றையும் பேனல் போர்டுக்குள் மட்டும் தேடாதீர்கள். வீட்டுக்குள் போய், எப்போது துணி துவைக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

பிலோமினா இப்போது ஜொகூரில் மகளோடு இருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். கரண்டெல்லாம் எப்படி என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"அதுக்கென்னண்ணே, எந்நேரமும் இருக்கு. எப்ப வேணாலும் தொவைக்கலாம்" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "தனியாதான் காயப்போடறேன்."