ஈக்காரன் இலாரியோ

ஒரே ஒரு ஈ. அதைச் சீசாவிலிருந்து சுண்டியெறிய எவ்வளவு நேரம் ஆகும்? கொம்பாத்ரே என்று உறவுமுறை சொல்லி வாய் நிறையக் கூப்பிட்டவன், நிக்காந்த்ரோவின் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன், இலாரியோ அதைச் செய்யவில்லை. நிக்காந்த்ரோ இந்த ஆத்திரத்தை வருஷக்கணக்காகச் சுமந்தான். மாமரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதும் சுமந்தான், பூசையில் மண்டியிடும்போதும் சுமந்தான்.

இலாரியோவை வடக்கு சினலோவாவின் ஆற்றங்கரைத் தோப்புக்காரர்கள் ஈக்காரன் என்பார்கள். காய்க்குள் முட்டையிட்டு அழுக வைக்கும் பழ ஈக்கு வைத்த பொறிகளைப் பார்ப்பது அவன் வேலை. மரத்தில் தொங்கும் பிளாஸ்டிக் சீசாவை இறக்கி, உள்ளே நாறும் ஊறலை வடிகட்டி, செத்து மிதப்பதைக் கிளறிப் பார்ப்பான். புது ஊறல் ஊற்றி மறுபடி மாட்டுவான். அடுத்த மரம், அடுத்த தோப்பு. வெயில், முள்வேலி, நாய்க்கடி. பேருந்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவன் பெண்டாட்டி சாயோ அவன் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பாள்.

"செத்தா பெட்டிக்குள்ளயும் நாறுவே, மனுஷா."

"நல்லதாப் போச்சு. அங்கயும் ஒரு பொறி மாட்டிக்கலாம்."

பள்ளத்தாக்கில் பழ ஈ இல்லை என்பதால்தான் அங்கத்து மாம்பழம் தடையில்லாமல் எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போனது. ஈ இருக்கும் தெற்கிலிருந்து வரும் பேருந்துகளைச் சாவடியில் நிறுத்தி, பையிலிருக்கும் பழத்தையெல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள். நிக்காந்த்ரோவின் மச்சினி அந்தச் சாவடியை ஏமாற்றினாள். அவன் மகள் மரேலியின் ஞானஸ்நானத்துக்குத் தெற்கிலிருந்து வந்தவள், தன் கைக்குழந்தையின் துணிக்கடியில் ஊர்க் கொய்யாவை ஒளித்துக் கொண்டுவந்தாள். விருந்தில் அதை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்தார்கள்.

"எந்த ஊர்க் கொய்யா இது, தங்கச்சி?" என்றான் இலாரியோ.

"சந்தைக் கொய்யாதான், தின்னுங்க. விருந்துக்கு வந்த இடத்துலயும் விசாரணையா?"

எல்லோரும் சிரித்தார்கள். இலாரியோவும் சிரித்துவிட்டுத் தின்றான். மிஞ்சி அழுகியதை அவள் மாந்தோப்பு ஓரமாகக் கொட்டினாள்.

சில வாரம் கழித்து, காய் பறிக்கத் தொடங்கும் நேரத்தில், நிக்காந்த்ரோவின் தோப்புச் சீசாவில் முட்டை சுமந்த பொட்டை ஈ ஒன்று மிதந்தது. இலாரியோ அதை எடுத்துக்கொண்டு நேரே பழ ஈத் தடுப்பு அலுவலகம் போனான். அந்த வருஷக் காய் எல்லை தாண்டவில்லை. சாறு ஆலைக்காரன் கேட்ட விலைக்குப் போனது.

"என் வீட்டுச் சோத்தைத் தின்னவன்டா நீ!" வேலியோரம் நின்று கத்தினான் நிக்காந்த்ரோ.

"தின்னேன், கொம்பாத்ரே. கொய்யாவையும் சேத்துத்தான் தின்னேன்."

அதோடு பேச்சு நின்றது. பொறி பார்ப்பது நிற்கவில்லை. வாராவாரம் வந்தான். முட்டி தேய்ந்தது, கண்ணில் புரை விழுந்தது. வேறு ஆளைப் போடச் சொல்லிக் கேட்டால், அலுவலகத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். நடந்தான்.

போன கோடையில், காய் முற்றி லாரிக்குச் சொல்லிவிட்ட சமயம். மரங்களுக்கு நடுவே ஏதோ தொப்பென்று விழுந்தது. நிக்காந்த்ரோ ஓடிப்போய்ப் பார்த்தான். முகம் சாம்பலாய்ப் போய், சீசாவை நெஞ்சோடு அணைத்தபடி இலாரியோ கிடந்தான். தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினான்.

"அதைக் கீழ வையேன்டா."

"சிந்திடும். உள்ள ஒரு ஈ கெடக்கு. எனக்குக் கண்ணு தெரியல, நீயே பாரு."

ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியபோது நிக்காந்த்ரோ சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். இறக்கையில் மஞ்சள் பட்டை. பழ ஈயேதான்.

"என் தோப்புதான் எப்பவும் கெடைக்குதா?"

"ஈயைக் கேளு."

"இதை இங்கயே கவுத்துட்டா?"

"கவுத்துக்கோ. நான் போயிட்டா யாரு கேக்கப்போறா?" இலாரியோ மூச்சை இழுத்து இழுத்துப் பேசினான். "இப்பச் சொன்னா உன் தோப்போட போகும். மருந்தடிப்பாங்க, விழுந்ததைப் பொறுக்கிப் புதைப்பாங்க. பின்னாடி தெரிஞ்சா ஆத்தங்கரையே போயிடும்."

"அன்னிக்குச் சுண்டியெறிஞ்சிருக்கலாம்ல?"

"எறிஞ்சிருக்கலாம்." கண்ணை மூடிக்கொண்டான். "அலுத்துப்போச்சு, கொம்பாத்ரே. எவன் வீட்டு விருந்துக்குப் போனாலும் தட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

ரயில் போய் முடிந்தது. நிக்காந்த்ரோ சீசாவைக் கவிழ்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி, அதற்குள் நிழலில் வைத்து, மடியில் இடுக்கிக்கொண்டு ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுபடுக்கையில் ஏற்றினார்கள். சாயோவைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டான். இலாரியோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அன்று சாயங்காலமே இலாரியோ செத்துப்போனான். அவன் கடைசியாகக் கேட்டுக்கொண்டது இதுதான்:

"அவ வருவா. ஆபீஸ்ல அந்தப் பொண்ணு சாப்பாட்டு நேரத்துக்குக் கதவைச் சாத்திட்டுப் போயிடும், அதுக்குள்ள சீசாவைக் குடுத்துரு. மூடியை இறுக்கு. வெயில்ல மட்டும் வெச்சுராத."