கண்டியில் கட்டிய கடல் மீன்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் ஜன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு நகத்துக்குப் பாலிஷ் பூசினாள். அந்த வாசனை சமையலறைவரை வந்தது. நான் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டேன். "என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டாள். தலை சுற்றவில்லை. நான் பிலிமத்தலாவைக்குப் போய்விட்டேன், அவ்வளவுதான்.

சொன்னால் சிரிப்பீர்கள். இருபது வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை மீன் கட்டுவது. வெளிநாட்டுப் பணக்காரர்கள் கடலில் தூண்டில் போடும்போது புழுவையும் இறாலையும் கையால் தொடுவதில்லையாம். தூண்டில் முள்ளில் முடியையும் மினுக்கு இழையையும் நூலால் சுற்றி, சின்ன மீன் மாதிரி செய்த பொய் இரையை வீசுவார்களாம். பெரிய மீன் அதைச் சாளைக் குஞ்சு என்று நம்பி விழுங்கும். அந்தப் பொய்யைத் தயாரிக்க, கடலே தெரியாத, கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில், ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் நாங்கள் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தோம்.

முள்ளைச் சின்ன இடுக்கியில் இறுக்க வேண்டும். அடியில் ஒரு கற்றை மான்வால் முடி, நடுவே வெள்ளி இழை, மேலே இன்னொரு கற்றை. பிறகு கண் ஒட்டி, தலையில் பசை பூச வேண்டும். நகப் பாலிஷ் வாசனை அந்தப் பசைக்குத்தான். முடி எங்கும் பறக்கும். "நம்ம வீட்டு சோத்துல ஏன்டி மான் முடி கெடக்குது?" என்று அம்மா ஒருநாள் பாத்திரத்தோடு வந்து நின்றார். வெள்ளி இழை எங்கள் கூந்தலில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்தே பஸ் கண்டக்டர், நான் வாயைத் திறக்குமுன் பிலிமத்தலாவைக்கு டிக்கட் கிழித்துவிடுவார்.

புதியவர்கள் முழு மீன் கட்டுவதில்லை. மூன்று மாதம் நான் நூல் மட்டுமே சுற்றினேன். அதன் பிறகு பரீட்சை. மாதிரி எதுவும் பார்க்காமல், நிறத்தையும் நாமே தெரிவு செய்து, முழுதாக ஒன்று கட்டிக் காட்ட வேண்டும். தேறினால் நிரந்தரக் கடிதம். தேறாவிட்டால் நான் கம்பளையில் மாமாவின் புடவைக் கடைக்குப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாமா நல்லவர்தான். ஆனால் காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் கடை பூட்டும்வரை பேச்சை நிறுத்த மாட்டார். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டினேன். முதுகு பழுப்பு. வயிறு லேசான மஞ்சள். கண்ணுக்குச் சிவப்பைத் தேடி எடுத்து ஒட்டினேன். முடியை வேறு அள்ளி வைத்து நன்றாகக் கொழுக்க வைத்தேன். இடுக்கியிலிருந்து எடுத்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் ரிஸ்மியா. மடவளைக்காரர். அவர்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மூக்குக்கண்ணாடியை உயர்த்தி நெடுநேரம் பார்த்தார்.

"என்னா புள்ள, கண்ணு இப்படி சிவந்தீக்கி?"

"மீன் கண்ணு அப்படித்தானே தாத்தா இருக்கும்?"

"எங்க பார்த்தீங்க?"

"மார்க்கெட்டுல."

திருகோணமலையிலிருந்து ஐஸில் கிடந்து லொறியில் மலையேறி வரும் மீனைத் தவிர வேறு கடல் மீனை நான் பார்த்ததே இல்லை. அதைத்தான் அச்சு அசலாகக் கட்டியிருந்தேன்.

"நீங்க கட்டினது மீன் இல்ல புள்ள," என்றார் ரிஸ்மியா தாத்தா. "மீன்ட மய்யித்து."

மீனின் பிணமாம்! மாடியே சிரித்தது. அடுத்த கதிரையில் என்னோடு பரீட்சைக்கு உட்கார்ந்த செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மெதுவாகத் தன் சிவப்புக்கண் மீனைக் கைக்குட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

தாத்தா முதலாளியிடம் பேசி எனக்கும் செல்விக்கும் ஒரு வாரம் தவணை வாங்கித் தந்தார். "உசுரோட ஈக்கிற மீனொன்ன பார்த்துட்டு கட்டுங்க," என்றார்.

கண்டியில் கடலுக்கு எங்கே போவது? ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவை இழுத்துக்கொண்டு வாவிக்குப் போனேன். அங்கே மீனுக்குப் போட பொப்கோன் விற்பார்கள். "கோயிலுக்குப் போட்ட சாரியோட மீனுக்குத் தீனி போடவா வந்தோம்?" என்று சலித்துக்கொண்ட அம்மா, இரண்டு பைகளில் ஒன்றைத் தானே தின்று முடித்தார். நான் கல்வரம்பில் குனிந்து பார்த்தேன். முதலில் மீனே தெரியவில்லை. மேலிருந்து பார்க்க முதுகு தண்ணீர் நிறம். திரும்பும்போது மட்டும் வயிறு பளிச்சென்று வெட்டி மறைந்தது. வாவி மீனும் கடல் மீனும் சொந்தமா என்று எனக்குத் தெரியாது. உயிர் இருக்கிறது, அது போதும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கரும்பச்சை முதுகும் வெள்ளை வயிறுமாகக் கட்டினேன். முடி முன்பு வைத்ததில் கால்வாசி. வெள்ளி இழை இரண்டே இரண்டு. தாத்தா அதை நூலில் முடிந்து, மூலையில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு இழுத்தார். காணாமல் போனது. பளிச்சென்றது. மறுபடி காணாமல் போனது. அவர் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"இது ஓடுது," என்றார்.

எனக்கும் கடிதம் வந்தது, செல்விக்கும் வந்தது. ஒன்பது வருடம் அங்கேயே இருந்தேன். நோன்புக் கஞ்சியும் கிறிஸ்மஸ் கேக்கும் தைப்பொங்கலும் ஒரே மேசையில் தின்றோம். வருடம் தவறாமல் ஒரு பேச்சு எழும்: வேன் பிடித்து இருபது பேரும் திருகோணமலைக்குப் போவோம், நாமே கட்டியதைக் கடலில் போட்டுப் பார்ப்போம், ஏதாவது கடிக்கிறதா என்று. ஒரு வருடம் ஒருத்திக்குக் கலியாணம், மறுவருடம் இன்னொருத்திக்குப் பிரசவம். அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்போம்.

ஓடர் குறைந்து மாடியைப் பூட்டினார்கள். இப்போது அங்கே டியூஷன் வகுப்பு நடக்கிறது. செல்வி இத்தாலியில். மற்றவர்கள் எங்கெங்கோ. ரிஸ்மியா தாத்தா போன வருடம் மௌத்தாகிவிட்டார்; சாவை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

பிறகு நான் மூன்று முறை திருகோணமலைக்குப் போய்விட்டேன், பிள்ளைகளோடு. நல்ல கடல்தான். ஒவ்வொரு முறையும் வேனில் ஏறுமுன் எல்லோரும் வந்தாயிற்றா என்று எண்ணுகிறேன். ஐந்து பேர்தான் வருகிறது.