அயர்லாந்துக்காரர் பிள்ளைகளுக்கு மாமன் யார்?

மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரர்களுக்கு அவர்களுடைய பாட்டன் பூட்டனைத் தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. சொன்னால் சிரிக்கிறார்கள். "ஒன்னோட பூட்டன் பேரு தெரியுமா ஒனக்கு?" என்று எங்கள் மாமா கேட்பார். தெரியாது. அதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை, அதனால் தேடவில்லை என்பேன்.

சென்னையில் ஒரு கம்பெனி. அங்கிருந்து வரும் பழைய கையெழுத்துப் பத்திரங்களின் படங்களை வீட்டிலிருந்தே படித்து, யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரைக் கட்டினார் என்று எழுதி அனுப்ப வேண்டும். வெளியே ஈ.சி.ஆரில் உப்பு லாரி போய்க்கொண்டிருக்கும். உள்ளே நான் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பென்சில்வேனியாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்திருப்பார். அத்தை தவறிப்போன பிறகு அவர் என்னோடுதான் இருக்கிறார். டிவி சீரியலை விட வெள்ளைக்காரர் குடும்பக் கதை அவருக்குப் பிடித்துவிட்டது.

போன வருஷம் என் கைக்கு வந்தவர் ஓர் அயர்லாந்துக்காரர். கப்பலுக்குக் கொடுக்கக் காசில்லாமல், தன் உழைப்பையே அடகு வைத்து அமெரிக்காவில் போய் இறங்கியவர். ஒப்பந்தம் பேசின வருஷங்களை எசமானன் வீட்டில் உழைத்துக் கழித்தார். அப்புறம் காட்டோரம் கொஞ்சம் நிலம் பிடித்து, அயர்லாந்துக்காரி ஒருத்தியையே கல்யாணம் பண்ணி, நாலு பிள்ளை பெற்றார். ஒரு நாள் தான் வெட்டின மரமே தன் மேல் சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். பாவி மனுஷன், அத்தனை தூரம் கடல் தாண்டி வந்தது இதற்குத்தானா என்று எனக்கு ஆறவே இல்லை.

தேடச் சொன்னது அவர் வம்சத்தில் வந்த ஓர் அம்மா. எண்பதை நெருங்குகிறவர், தனியாக இருக்கிறார். வீடியோ காலில் முதல் நாளே, மேடம் எல்லாம் வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். எங்கே வருகிறது வாயில்? நம் பக்கம் அந்த வயசுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் செருப்பு பறந்து வரும். மேடம் என்றே வைத்துக்கொண்டேன்.

அந்த மனுஷன் அயர்லாந்தில் எந்த ஊர் என்று பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். எல்லாரும் கேட்பது அதுதான். அந்த அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவரை விடு, அவர் பெண்டாட்டியைத் தேடு என்றார்.

அவர்கள் குடும்பத்தில் வழிவழியாக ஒரு பேச்சு. புருஷன் செத்த சூட்டோடு அவள் நாலு பிள்ளைகளையும் யார் யார் வீட்டுக்கோ தள்ளிவிட்டு இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டாள் என்று. "எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் புருஷனும் சின்ன வயசிலேயே இறந்துவிட்டார். ஒரே மகளைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு நகரத்துக்குப் போய், நர்ஸ் வேலை கற்றுக்கொண்டு, அங்கேயே வேலையில் இருந்துவிட்டார். மகள் மாமா வீட்டிலேயே வளர்ந்து ஆளாகிவிட்டாள். இப்போது மகள் இருப்பது பக்கத்து ஊரில்தான். பேச்சு இல்லை. அவள் வீட்டு வாசலைக் கூட அந்த அம்மா மிதித்ததில்லை.

"அந்த நாலு பிள்ளைகளும் அப்புறம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்களா இல்லையா? நான் சாவதற்குள் எனக்கு அது தெரிய வேண்டும்" என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் வீட்டில்தானே விட்டீர்கள் மேடம், அதில் என்ன தப்பு என்று கேட்டேன். அந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

எனக்கு விளங்காததற்குக் காரணம், நானே மாமா வீட்டில் வளர்ந்தவள். அப்பா உப்பு லாரி ஓட்டினார். ஒரு மழைக்காலத்தில் திண்டிவனம் ரோட்டில் லாரி கவிழ்ந்து போய்விட்டார். அம்மா உப்பளத்தில் இறங்கினார். விடியும் முன்னே பாத்தியில் உப்பு வாரவும், கூடையில் சுமந்து மேட்டில் கொட்டவும் போய்விட்டால், இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது? என்னையும் தம்பியையும் அனுமந்தையில் இருந்த மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அம்மா பஸ் ஏறி வருவார். உப்புத் தண்ணியில் வெடித்த கால் எரியும், அதை வாசலில் கழுவிக்கொண்டே எங்கள் பரீட்சை மார்க்கைக் கேட்பார். எனக்குத் தெரிந்து அவ்வளவு கெட்டிக்காரியை நான் பார்த்ததில்லை. மாமா வீட்டில் வளர்ந்தேன் என்பதை நான் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

அந்த அம்மா சொன்னதை மாமாவிடம் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னாது? மாமன் வூட்ல உட்டா அது தள்ளி உட்றதா? நான் என்ன தெருவுல போறவனா?"

தேட ஆரம்பித்தேன். முதலில் அகப்பட்டது என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. அந்தக் காலத்துச் சட்டத்தில் அப்பன் செத்தாலே பிள்ளை அனாதைதானாம். அம்மாக்காரி குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கிறாள், பிள்ளைகள் நாலும் அனாதை என்று எழுதி வைத்திருக்கிறான்! அனாதையை எங்கே வேலைக்கு விடுவது என்று கோர்ட்டுதான் முடிவு செய்யும். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. "நாசமாப் போறவனுங்க" என்றார் மாமா. நானும் ஆமாம் போட்டேன்.

அப்புறம் பார்த்தால், நாலு பிள்ளைகளையும் ஒரே ஆள் ஏற்றிருக்கிறார். மாவு மில் வைத்திருந்தவர். வழக்கமாக ஆளுக்கொரு மூலையாகப் பிரித்துவிடுவார்கள். கைப்பிள்ளை வேலைக்கு ஆகாது, அதை யாரும் சீந்த மாட்டார்கள். இந்த மனிதர் கைப்பிள்ளையையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் அப்புறம் கட்டிக்கொண்டது அதே மில்லுக்கு அடுத்த நிலத்துக்காரனை. வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் அம்மா. அடி சமர்த்து, என்னமாய் யோசித்திருக்கிறாள் என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அந்த மில்லுக்காரன் யாரு?" என்றார் மாமா.

"தெரியல மாமா."

"இதுல தெரியறதுக்கு இன்னா கீது? நாலையும் ஒருத்தன் தூக்கினு போறான்னா அவன் தாய்மாமன்தான். வேற எவன் செய்வான்?"

எனக்கும் அதில் சந்தேகமே எழவில்லை. அன்றைக்கே அந்த அம்மாவுக்கு மெயில் அனுப்பினேன். பிள்ளைகளை அவள் தள்ளிவிடவில்லை, அவர்கள் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார்கள், மாமன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தாய் மேல் ஒரு குறையும் இருக்காது என்று. கடைசி வரியை நானாகவே சேர்த்தேன். அந்த அம்மாவின் பதில் உடனே வந்தது. அழுதேன், உன் மெயிலை அப்படியே என் மகளுக்கு அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

மறுநாள் சென்னையிலிருந்து டீம் லீடர் போன். என்னை விடச் சின்னவன்.

"அக்கா, மில்லுக்காரர் அந்த லேடிக்கு பிரதர்னு எங்க இருக்குது?"

"ஏம்பா, மாமன் இல்லாம வேற யாரு நாலு புள்ளைங்கள எடுத்து வளப்பாங்க?"

"அக்கா... அது நம்ம ஊருக்கா."

அவன் சொன்னது சரிதான். எங்குமே அப்படி எழுதியிருக்கவில்லை. நானும் மாமாவும் பேசி முடிவு கட்டினது. நான் சொன்னதை நம்பி ஒரு தாய் தன் மகளுக்குத் தூது விட்டிருக்கிறார். பொய் என்று தெரிந்தால் இருக்கிற கொஞ்ச நஞ்ச ஒட்டும் அறுந்துவிடும். எங்கெங்கோ புரட்டிப் பார்த்தேன், அவளுக்கு அண்ணனோ தம்பியோ கிடைக்கவில்லை. மாமாவானால், "சரியாத் தேடு, இருப்பான்" என்று பிடித்த பிடியை விடவில்லை.

கடைசியில் அந்த அம்மாவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. மகள் இன்னும் பதில் போடவில்லை, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது, திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது.

எங்கள் பங்குக் கோயிலில் கல்லறைத் திருநாள் வந்தால், யார் எந்தக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், யார் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள் என்று பார்த்தால் போதும். எந்தக் குடும்பத்தில் யாருக்கு யார் மேல் பாசம், யாரோடு யாருக்குப் பேச்சில்லை என்பதெல்லாம் வெளிச்சமாகிவிடும். அந்த நினைப்பில்தான் கேட்டேன். அந்தப் பெண்ணைப் புதைத்த இடம் எது என்று தெரிகிறது மேடம், ஆனால் படம் கிடைக்கவில்லை, நீங்கள் நேரில் போய் அவள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க முடியுமா? கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன், யார் கூட்டிப்போவார்கள் என்றார். அப்புறம் வெகு நாள் சத்தமே இல்லை.

அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், உப்பளமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்தபோது, வீடியோ கால் வந்தது. அங்கே காலை நேரம். கனத்த கோட்டுக்குள் அந்த அம்மா கோழிக்குஞ்சு மாதிரி நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் பழுத்த இலைகள், சாய்ந்த கற்கள். போனை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் யாரையோ கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் கிடைத்தது மில்லுக்காரரின் கல். அதில் எழுத்தெல்லாம் ஜெர்மன். அவர் பிறந்ததே ஜெர்மனியில் என்று பொறித்திருந்தது. அயர்லாந்துக்காரிக்கு ஜெர்மன்காரர் எங்கே கூடப் பிறந்தார்? போச்சு. மாமாவிடம் சொன்னேன். மோவாயைத் தடவினார்.

"அப்போ யாரோ ஒரு ஆளு வந்து மாமன் வேலைய செஞ்சிருக்கான். பெரிய மனுஷன்மா" என்றார். அது ஒரு பட்டம் மாதிரி எனக்குக் கேட்டது.

அதற்கு அடுத்த கல்தான் அவளுடையது. பாசி மூடியிருந்தது. போனைப் பிடித்திருந்தவரின் இன்னொரு கை குறுக்கே வந்து பாசியைச் சுரண்டித் தள்ளியது. ஒரு பெண் குரல் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தது. இரண்டாவது புருஷன் வீட்டுப் பேரோடு அவள் பேர். அதன் கீழே, முதல் புருஷன் வீட்டுப் பேரோடு நாலு பேர். எங்கள் அம்மாவுக்கு, பிள்ளைகள் நாங்கள் நட்ட கல் என்று இருந்தது.

அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

போன் திரும்பியது. ஐம்பது தாண்டிய ஒரு பெண். அந்த அம்மாவின் அதே மூக்கு. "நான்தான் மகள். அந்த மெயிலை எழுதியது நீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நீங்கள் எழுதியது சரியில்லை. எனக்குக் குறை இருந்தது. மாமா வீட்டில் ஒன்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் சனிக்கிழமையானால் நான் வாசல் கேட் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன். அம்மா சில வாரம் வருவாள். பல வாரம் வர மாட்டாள்."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. எத்தனை லேசாக எழுதிவிட்டேன்! எங்கள் அம்மா வராத ஞாயிறு ஒன்று கூட இல்லாததால் வந்த திமிர் அது.

பின்னாலிருந்து அந்த அம்மா மகளிடம் மெல்லச் சொன்னார். வராத சனிக்கிழமையெல்லாம் எனக்கு டூட்டி. லீவு கேட்டால் வேலை போய்விடும், வேலை போனால் உன்னை என்றைக்குமே திருப்பிக் கூப்பிட முடியாது என்று பயந்தேன். கூப்பிடும் நிலைமை வந்தபோது நீ வளர்ந்துவிட்டாய், வர மாட்டாயோ என்று அதற்கும் பயம்.

"இதை நீ சொன்னதே இல்லையே" என்றாள் மகள்.

"நல்ல நர்ஸ், மோசமான தாய் என்று எல்லாருக்கும் தெரிந்ததுதானே, என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்."

ஒரு மெயிலைப் படித்துவிட்டு, கோபம் தீராமலே காரை எடுத்துக்கொண்டு வந்து தாயை ஏற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்த அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது. என்னால் முடிந்திருக்குமா, தெரியவில்லை.

அப்புறம் அவள் என்னைப் பார்த்து, அம்மாவுக்குக் குளிர்கிறது, போனை வைக்கிறோம், வீட்டுக்குப் போகிறோம் என்றாள். அந்த அம்மா, என் வீட்டுக்கு இங்கிருந்து ரொம்ப தூரமாயிற்றே என்று ஏதோ சொல்ல வந்தார். "உன் வீட்டுக்கு இல்லை, என் வீட்டுக்கு" என்றாள் மகள். போன் அணைந்தது.

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"என்னம்மா சொன்னா கடைசியில?"

"அம்மாவ அவ வூட்டுக்குக் கூட்டினு போறாளாம் மாமா."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பின்ன, வேற எங்க போவாங்க?" என்றார்.