ஆடிட்டர் மேல் வழக்குப் போட மூன்று வருஷம்

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். அதிலும் ஐந்தாவது பாதிதான். ஆனாலும் ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பதினோரு ஷெட்டுக்கு ஆள் வைத்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டவன் நான்தான். சேலம் பக்கத்திலிருந்து சித்தாளாக மைசூருக்கு வந்து, முப்பது வயதில் கான்ட்ராக்டர் ஆனேன். கலந்த கலவையை எத்தனை நிமிஷத்துக்குள் கொட்ட வேண்டும், எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும், எந்த நாள் பலகை பிரிக்க வேண்டும் என்று எந்த இன்ஜினியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நான்தான் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு ஆடிட்டர் காப்பி கொடுத்தே மூன்று வருஷம் உட்கார வைத்துவிட்டார்.

மாதா மாதம் போட வேண்டிய ஜி.எஸ்.டி. ரிட்டர்னை அவர் ஆறு மாதம் போடவில்லை. நான் பில்லெல்லாம் அந்தந்த மாதம் கொண்டுபோய்க் கொடுத்தாகிவிட்டது. நோட்டீஸ் அவருடைய ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. அதையும் அவர் பார்க்கவில்லை. ஒருநாள் என் ஜி.எஸ்.டி. நம்பரே ரத்து. நம்பர் இல்லாதவனுக்கு வேலை தர முடியாது என்று, இருபத்திரண்டு வருஷம் நான் வேலை செய்த கம்பெனி என் பெயரை எடுத்துவிட்டது. என்னைக் கண்டால் எழுந்து நிற்கிற கேட் செக்யூரிட்டி, எழுந்திருக்காமலே, "சார், உங்க பேரு சிஸ்டத்துல இல்ல" என்றான். தப்பு என்னுடையது இல்லை என்று ஒரு கோர்ட் எழுதி, சீல் போட்டுத் தர வேண்டும். அதைக் கொண்டுபோய் அந்தக் கேட்டில் காட்ட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் ஆடிட்டரிடம் நேராகச் சண்டைக்குத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க யஜமான்ரே, வாங்க" என்றார். சுவர் முழுக்கச் சர்டிபிகேட் மாட்டி வைத்திருக்கிற மனிதர் என்னை யஜமான் என்கிறார்! உட்கார்ந்தேன். காப்பி வந்தது. "அப்பீல் போட்டிருக்கேன் யஜமான்ரே. நாளைக்கு வாங்க" என்றார். போனேன். காப்பி வந்தது. நாளைக்கு வாங்க.

இந்த ஊர்ப்பக்கம் ஒரு காலத்தில் வீட்டுக் கதவில் 'நாளே பா' என்று எழுதி வைப்பார்களாம். நாளைக்கு வா என்று அர்த்தம். கதவைத் தட்ட வருகிற பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும். மறுநாளும் வந்து அதையே படிக்கும். அது படித்த பேய். எனக்கு அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம் வருஷம் ஆனி மாதம் என் மருமகள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, அப்பீலே போடவில்லை என்று கண்டுபிடித்தாள். அன்றைக்கே வக்கீலிடம் போனேன். ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண், சின்ன வயசு. ரத்தான தேதியைக் கேட்டு விரல் விட்டு எண்ணினாள்.

"கன்ஸ்யூமர் கோர்ட்டுன்னா ரெண்டு வருஷம் அங்கிள். அது போன வருஷமே போயிடுச்சு. சிவில் கோர்ட்டுக்கு மூணு வருஷம். இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு."

"அவன் பொய் சொன்னது இன்னைக்குத்தானேம்மா தெரிஞ்சது? இன்னையிலிருந்து எண்ணு."

"அப்படியும் வாதாடலாம். ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் ரத்தான தேதியைத்தான் பிடிச்சுக்குவார். நீங்க கோபப்பட்ட தேதியிலிருந்து எண்ணுங்கன்னு நாம போய்ச் சொல்ல முடியுமா?"

"மூணு வருஷமா போய்ப் போய்க் காப்பி குடிச்சேனே, அதைக் கழிக்க மாட்டாங்களா?"

"தப்பு என்னோடதுன்னு அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தா, அங்கிருந்து புதுசா எண்ணுங்கன்னு கேட்டிருக்கலாம். காப்பிக்கு ஒண்ணும் கிடையாது அங்கிள்."

ஒன்றரை மாதம் எனக்கு எதற்கு? ஒன்றரை மாதத்தில் ஒரு மாடியே எழுப்பியவன் நான். ஆனால் மூன்றாம் நாள் கன்னடக்காரர்களின் ஆஷாட மாதம் பிறந்துவிட்டது. மருமகள் நஞ்சன்கூடு பக்கத்துக் கன்னடப் பெண். "ஆஷாடத்துல புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கக் கூடாது மாவா" என்றாள். அவள் ஆஷாடம் முடிவதற்குள் என் மனைவியின் ஆடி பிறந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு மாதம் ஆகாது என்றால், எங்களைப் போல மைசூரில் சம்பந்தம் செய்த தமிழனுக்குச் சேர்ந்தாற்போல் ஏழு வாரம் ஆகாது. பூமி பூஜை போடாமல் கடப்பாரையைத் தொடாதவன் நான். வாழ்க்கையில் முதல் வழக்கை ஆடியிலா போடுவேன்? ஆவணி பிறக்கட்டும் என்று இருந்தேன்.

வக்கீல் பெண் போன் செய்தாள். "அங்கிள், வியாழக்கிழமை கடைசி நாள். ஆவணிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு."

"பத்து நாள்தானே? லேட் ஃபீஸ் கட்டிடலாம்."

"இதுக்கு லேட் ஃபீஸே கிடையாது. ஒரு நாள் தாண்டினாலும் கதவை மூடிடுவாங்க. அப்புறம் ஜட்ஜே மனசு வச்சாலும் முடியாது."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் கோர்ட், ஒரு பக்கம் சாமி. மனைவி தட்டைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"ஏங்க, ஆடியில நல்ல காரியம்தானே பண்ணக் கூடாது?"

"ஆமா."

"நீங்க கேஸ் போடுறது அந்தாளு நல்லா இருக்கணும்னா?"

"நாசமாப் போகணும்னு."

"அப்ப அதுக்கு ஆடியை விட்டா வேற எந்த மாசம் இருக்கு? சாப்பிட்டு எந்திரிங்க."

எனக்கும் அதே யோசனை வந்திருந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையிலிருந்து கோர்ட்டில் நின்றோம். ஜெராக்ஸில் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது, ஓடினோம். ஸ்டாம்ப் குறைந்தது, ஓடினோம். கவுண்டரில் எனக்கு முன்னால் நின்ற ஏழு பேரில் ஐந்து பேருக்கு அன்றைக்குத்தான் கடைசி நாளாம். பார்த்தால் எல்லாரும் காலேஜ் படித்தவர்கள் போலத்தான் இருந்தார்கள். கவுண்டர் மூடக் கால் மணி நேரம் இருக்கும்போது என் காகிதத்தில் சீல் விழுந்தது. தேதி சரியாக இருக்கிறதா என்று கையில் வாங்கி இரண்டு தடவை பார்த்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இனி தீர்ப்பு எப்பம்மா?"

"சொல்ல முடியாது அங்கிள். ஆறு வருஷம், எட்டு வருஷம்."

"நான் மட்டும் மூணு வருஷத்துக்குள்ள வரணும். அவங்க எத்தனை வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு சட்டம் இருக்கா?"

"அந்த மாதிரி கதவு எதுவும் அவங்களுக்குக் கிடையாது அங்கிள்" என்று சிரித்தாள்.

சரி, ஆகட்டும். எனக்கு அறுபத்தெட்டு. இன்றைக்கும் ஏணியில் ஏறி மூன்றாம் மாடிக் கம்பியை நானே பார்க்கிறேன். ஆடிட்டருக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு. ஆனால் சுகர் இருக்கிறது, பி.பி. இருக்கிறது, ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எனக்கு ஒன்றும் இல்லை. பார்க்கலாம்.