வெள்ளைக் கல்லை நம்பி இறங்கியவன்

கறுப்புக் கல் வழுக்கும், வெள்ளைக் கல் தாங்கும். உலகத்திலுள்ள எல்லாக் கல்லுக்கும் இதுதான் சட்டம் என்று ஐம்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தேன். என் மேல் தப்பில்லை. ராயபுரத்தில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களின் மேல் தாவி வளர்ந்தவன் நான். அலை படும் கல் பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கும். கால் வைத்தால் முட்டி போச்சு. அலை எட்டாத கல் உப்பு காய்ந்து வெளுத்திருக்கும். அதன் மேல் கரகாட்டமே ஆடலாம். எங்கள் தெருவில் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. விழுந்து எழுந்து வீட்டுக்கு வந்தால் முதுகில் ஒன்று வைப்பார்கள், புரிந்துவிடும்.

இந்தத் தகுதியோடுதான் மலையேறப் போனேன். டாக்டர் நடக்கச் சொன்னார். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் பாய், கடற்கரையில் நடக்கலாம் என்றான். தினமும் கடலோரம் படகு இன்ஜின் ரிப்பேர் பண்ணுகிறவன் நடக்கவும் கடலுக்கா போவான், மலைக்குப் போவோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். என்னை முழுசாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று என் மனைவியும் வேனில் ஏறிக்கொண்டாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன். பகலில் எப்படியோ சமாளித்துவிடுவாள். பொழுது சாய்ந்தால் எதிரே நிற்பது நானா பீரோவா என்று தெரியாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் போட்ட கண்டிஷன். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், பாய் தலையில்.

ஆந்திர எல்லையில் இருக்கிற மலை அது. ஏறின வழியே இறங்கியிருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது. நான்தான் வேன் டிரைவரை மலைக்கு மறுபக்கம் இருக்கும் ஏரிக்கரைக்குப் போய் நிற்கச் சொல்லி அனுப்பினேன். மேலே முகட்டைப் பிடித்துக்கொண்டே போய் அந்தப் பக்கம் இறங்குவதாக ஏற்பாடு. முகடு கீழேயிருந்து பார்க்க மாட்டின் முதுகு மாதிரி வழவழவென்று இருந்தது. மேலே போனால் ஆளுயரப் பாறைகள், இரண்டு பக்கமும் பள்ளம். நான் முன்னால் தாவித் தாவிப் போய், இங்கே கால் வை, அங்கே கை வை என்று டிராஃபிக் போலீஸ் வேலை பார்த்தேன். பாய் என்னை 'கேப்டன்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். அதை நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெயில் மஞ்சளாக மாறும் நேரத்தில் முகடு சட்டென்று முடிந்தது. கீழே ஏரி தெரிந்தது, கரையில் தீப்பெட்டி மாதிரி வேனும் தெரிந்தது. இறங்க இரண்டு வழி. வலது பக்கம் கரேலென்று, சொறி பிடித்த மாதிரி திட்டுத் திட்டாக ஒரு பாறைத் தொடர். இடது பக்கம் வெள்ளை வெளேரென்று கற்கள் நிறைந்த சரிவு. நான் யோசிக்கவே இல்லை. "இதோ ரோடு போட்டு வச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே வெள்ளையில் இறங்கினேன்.

கல் தாங்கவில்லை. நடந்தது. கூடவே அதன் குடும்பமும் நடந்தது. என் காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் கடகடவென்று உருண்டு போக, கடைசிக் கல் அடியில் போய் மோதுகிற சத்தம் நிதானமாக வந்து சேர்ந்தது. நான் ஒரு முள்செடியைக் கட்டிப்பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று கூட யாரையும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை.

தொங்கியபடியே மேலே பார்த்துக் கத்தினேன்.

"பாய், இன்சூரன்ஸ் பேப்பர் பீரோ மேல் தட்டுல கீதுன்னு அவகிட்ட சொல்லிடு."

பாய் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். "மாமு, அவங்க இங்கதான் நின்னுகினு கீறாங்க. நீயே சொல்லேன்."

என் மனைவி பாய் கழுத்திலிருந்த துண்டை வாங்கி ஒரு முனையை என் பக்கம் போட்டாள். இருவரும் சேர்ந்து என்னை இழுத்தார்கள். செடி என் சட்டைப் பையை வைத்துக்கொண்டது.

மேலே வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மலையின் நிழல் அதற்குள் பாதி ஏரியை மூடியிருந்தது. வந்த வழியே திரும்பினால் பாதி முகட்டிலேயே இருட்டிவிடும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. டிரைவரைப் போனில் கூப்பிட்டு ஹெலிகாப்டருக்குச் சொல்லலாமா என்று நான் கேட்டேன். பாய்க்குச் சிரிப்பும் வரவில்லை.

அவள் குனிந்து, முகம் தரையில் இடிக்கிற மாதிரி, கறுப்புப் பாறையைத் தடவிக்கொண்டிருந்தாள். கண் சரியில்லாததால் எதையும் அப்படிக் கிட்டே போய்த்தான் பார்ப்பாள். செருப்பைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"யோவ், ஆட்டுப் புழுக்கை கீது பாரு. கீழ வரைக்கும் போவுது."

ஆடு போகட்டும், கறுப்புக் கல்லில் நான் கால் வைக்க மாட்டேன், வழுக்கும் என்று ராயபுரத்துச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். எந்தக் கோர்ட்டிலும் நிற்கிற வாதம் என்றுதான் நினைத்தேன்.

"அது கடலு, பாசி வழுக்கும். இங்க இன்னாத்துக்கு வழுக்கப் போவுது? தொட்டுப் பாரு. நான் பொறந்த சடையங்குப்பத்துல வெள்ளம் வந்தா ரோடு எது, பள்ளம் எதுன்னு தெரியாது. ஆட்ட அவுத்து வுட்டுட்டு அது பின்னாலதான் போவோம். தரை இல்லாத எடத்துல அது காலு வைக்காது. உன்ன மாதிரி இல்ல."

தொட்டுப் பார்த்தேன். பிஸ்டன் தேய்க்கிற எமரித் தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. காலங்காலமாக அசையாமல் கிடந்த கல்தான் அப்படிக் கறுத்துத் திட்டுப் பிடிக்குமாம். அந்த வெள்ளையெல்லாம் போன மழைக்கு உடைந்து விழுந்து, எவன் வருவான் என்று காத்திருந்த சரக்கு. இது ஏரிக்கரையில் ஆடு மேய்த்தவர் அப்புறம் சொன்னது.

நடந்தது இதுதான். முன்னால் அவள், குனிந்து புழுக்கையைப் பார்த்துக்கொண்டே போனாள். நடுவில் பாய். கடைசியில் நான், ஒரு இடத்தில்கூட எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கினேன். ஏரிக்கரைக்கு வந்தபோது அவள் கண்ணுக்கும் போதுமான வெளிச்சம் இருந்தது. வேன் எங்கே நிற்கிறது என்று அவள்தான் கை காட்டினாள். என் பேண்ட்டின் பின்பக்கம் இல்லை. பாயின் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.